ஏகாம்பரம் கணக்கிட்ட சுவர்

போன வாரம் சாயப்பட்டறைச் சங்கத்து ஆள் சைக்கிளில் வந்தான். "ஓவர்சியர் ஏகாம்பரம் பூட்டாருங்க. தலைவரு இரங்கல் கூட்டம் வெக்கிறாரு. நீங்க நல்லதா நாலு வார்த்தை பேசணுமாம்."

என் நண்பர் ஏகாம்பரத்தைப் பற்றி அந்தத் தலைவர் முன்னால் நான் வாயைத் திறந்தால் ராஜகோபுரமே காதைப் பொத்திக்கொள்ளும். ஆகவே போகவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

சங்கம் தொட்டி கட்டிய நாள் நினைவிருக்கும். ஒரு பக்கம் பட்டு அலச நல்ல தண்ணீர், மறுபக்கம் கழித்த சாயத் தண்ணீர், நடுவே ஒரே சுவர். அடியில் இரண்டரை அடி கனம் வேண்டும் என்றார் ஏகாம்பரம்.

"ரெண்டு பக்கமும் தண்ணி. ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு சும்மா நிக்கும். ஒம்பது இன்ச்சு போதும்பா" என்றார் தலைவர்.

ஏகாம்பரம் ஒரு கதவைத் தூக்கி நிறுத்தி, தலைவரை ஒரு பக்கமும் என்னை மறுபக்கமும் தள்ளச் சொன்னார். கோயில் யானையே ஒதுங்கி வழிவிடும் உடம்பு எனக்கு. கதவு அசையவில்லை.

"அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்னிக்கித்தான் நல்ல தண்ணிய தொறந்துவுட்டுத் தொட்டி கழுவுவீங்க. சாயத் தண்ணி அப்படியே நிக்கும். ஆழம் ரெண்டு மடங்கானா தள்ளுறது நாலு மடங்கு. அப்போ இன்னா ஆவும்?" என்றபடி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

தலைவர் கதவோடு குப்புற விழுந்தார். அங்கே எழுந்த சிரிப்பு வேலூர்க் கோட்டையில் எதிரொலித்திருக்கும்.

அந்தச் சிரிப்புக்குத் தண்டனையாக ஒன்பது இன்ச்சிலேயே சுவர் எழும்பியது. முதல் அமாவாசையன்று, காலித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த பட்டறைக் கூலியாள் கன்னியப்பன் மேல் சரிந்தது. தெருவெல்லாம் சிவப்புச் சாயம் ஓடியது. கன்னியப்பனுக்கு ஒரு கால் போயிற்று.

"ஓவர்சியர் கணக்கு தப்பு" என்றார் தலைவர். அன்று சிரித்த வாய்கள் அத்தனையும் மூடிக்கொண்டன. உங்களுடையதும்தான். நான் கத்தினேன்; யானை பிளிறுகிறது என்று விட்டுவிட்டீர்கள்.

பிறகு மாட்டுத் தொட்டி கட்டக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. ஐயம்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்தார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "கணக்கு தப்பில்லன்னு சங்கத்துல ஒருத்தன் சொன்னா போதும் அண்ணாத்தே. கன்னியப்பன் வீட்டாண்ட தல நிமிந்து போவேன்."

யாரும் சொல்லவில்லை. ஆனால் திரும்பக் கட்டிய சுவருக்கு அடியில் இரண்டரை அடி. அவர் சொன்ன கனம், ஒரு விரல் குறையவில்லை. சுவர் முனையில் கல் பதித்துத் தலைவர் பெயரை வெட்டினார்கள்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தச் சுவர்தான். அமாவாசைதோறும் ஒரு பக்கம் காலியாகும்போது போய்ப் பார்க்கிறேன், நிற்கிறது. முனையில் முதுகைச் சாய்த்து நானும் நிற்கிறேன். கடவுள் கொடுத்த இந்த உடம்பு அந்தக் கல்லை ஓர் எழுத்து விடாமல் மறைத்துவிடும்.

"யாருபா இத கட்டினது?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள்.

"ஏகாம்பரம்" என்கிறேன்.