செக்கிங் அக்கா வாபஸ் வாங்கிய பெருமை

என் மனைவி ஒரு தையல் ஆலையில் தரம் பார்ப்பவள். தைத்து முடித்த சட்டைகளைக் கட்டுக் கட்டாக அவள் மேசையில் கொட்டுவார்கள். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள்; கோணலாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினாறு வருடமாக இதே வேலை. அங்கே அவளுக்குப் பெயர் 'செக்கிங் அக்கா'. அவளைப் பார்த்தால் மேனேஜரே தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். வீட்டில் நானும் அப்படித்தான்.

பிள்ளைகளிடம் அவள் பேசத் தயங்கும் விஷயம் என்று ஒன்று கிடையாது. எங்களுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகன், ஒன்பது வயதில் ஒரு மகள். குளிப்பாட்டும் வயதிலிருந்தே உடம்பின் எல்லா உறுப்புக்கும் உண்மையான பெயரைச் சொல்லிக் கொடுத்தாள். "கடவுள் படைச்சதுக்குப் பட்டப்பேரு எதுக்கு?" என்பாள். ஒரு மாலை நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலாவது மணியில் மகள் நிறுத்தினாள். "மாதா வயித்துல இயேசு இருந்தாரு, சரி. நான் எப்படிம்மா உன் வயித்துக்குள்ள வந்தேன்?" எனக்கு உடனே செடிகளின் ஞாபகம் வந்து, தண்ணீர் ஊற்ற எழுந்துவிட்டேன். இவளோ ஜெபமாலையை மடியில் வைத்து, அப்பா அம்மா அன்பு, உயிரணு, கருப்பை என்று நாலே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு ஐந்தாவது மணிக்குப் போய்விட்டாள். மகளுக்கு அது போதுமாக இருந்தது. நான்தான் வாளியோடு முழித்துக்கொண்டு நின்றேன்.

செல்போன் விஷயத்திலும் அப்படித்தான். முகம் தெரியாதவர்களோடு பழகாதே, படம் கேட்டால் கொடுக்காதே, எது நடந்தாலும் வந்து சொல். எங்கள் பங்குக் கோயிலில் பெற்றோர் கூட்டம் என்றால் இவளைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் பையன் எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்" என்று அடித்துச் சொன்னாள். பையன் பின்வரிசையில் இருந்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் பையன் திடீரென்று பக்திமான் ஆனான். ஃபாதரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு வருடத்துக்கு இரண்டு முறை தரதரவென்று இழுத்துப் போக வேண்டியவன், மூன்று சனிக்கிழமை தானாகவே போய் வரிசையில் நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் 'குட்டிச் சாமியார்' என்று பெயர் வைத்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்த மாதம் அது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவளுக்கு உறைத்தது. "ஒரு கட்டுல ஒரு பீஸ்கூட தப்பு இல்லன்னா, நான் மறுபடி பிரிச்சுப் பார்ப்பேங்க. இவன் பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுறான். போன் சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுது. என்னமோ நடக்குது."

"ஃபாதரைக் கேட்டுப் பார்க்கலாமா?"

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைத் தலையே போனாலும் அவர் சொல்ல மாட்டார். நாமளும் கேக்கக் கூடாது."

நாலாவது சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து வந்தவள், கோயிலுக்குக் கிளம்பிய பையனைக் கட்டிலில் உட்காரவைத்தாள். நான் இந்த முறை செடிகளிடம் ஓடவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஃபாதர்கிட்ட என்ன சொன்னேன்னு கேக்க மாட்டேன். அது உனக்கும் கடவுளுக்கும் நடுவுல. யாராவது உன்னை மிரட்டுறாங்களா, அதை மட்டும் சொல்லு."

உடைந்து அழுதான். அவன் வயதுப் பெண் என்று சொல்லி இணையத்தில் பழகிய எவனோ ஒருவன், அனுப்பக் கூடாத ஒரு படத்தை அவனிடமிருந்து வாங்கியிருக்கிறான். இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் வகுப்பு முழுக்கப் பரப்புவேன் என்று விடாமல் மிரட்டல். ஒவ்வொரு மிரட்டலுக்கும் பையன் போய் அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டிருக்கிறான்.

"ஏன்டா எங்கிட்ட வரல?"

"ஃபாதரும் உங்கிட்ட சொல்லத்தான் சொன்னாரு. நீ எல்லாம் சொல்லிக் குடுத்தும் பண்ணிட்டேனேம்மா. அதுவும் எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசிட்ட. உன் மானம் போயிடுமேன்னு..."

அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "உன் தப்பு மொதல் சனிக்கிழமையே மன்னிச்சாச்சுடா. மத்த ரெண்டு வாரமும் மிரட்டினவன் பாவத்தை நீ சுமந்துட்டுப் போயிருக்க."

பையன் போனை எடுத்து எல்லாவற்றையும் அழிக்கப் போனான். தடுத்தாள்: "அழிக்காத, அதான் சாட்சி." அப்படியே மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நாலைந்து நாளில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. படம் எங்கும் போகவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன், நடந்ததை அங்கே சொல்லப் பையனிடம் அனுமதி கேட்டாள். இரண்டு நாள் யோசித்து, "சொல்லு. ஆனா நான் வெளிய நிக்குறேன்" என்றான்.

மைக்கைப் பிடித்தாள். "போன தடவை இங்க நின்னு பெருமை அடிச்சேன். அதை வாபஸ் வாங்குறேன். என் பையன் ஒரு மாசம் எங்கிட்ட மறைச்சான். என் பெருமைக்குப் பயந்துதான் மறைச்சான். வீட்டுக்குப் போய் உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, தப்பே பண்ணியிருந்தாலும்..." அதற்கு மேல் குரல் வரவில்லை. கூடம் முழுக்கப் பெற்றோர்கள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

வாசலில் நின்ற பையன், அத்தனை பேர் பார்க்க, வரிசைகளுக்கு நடுவே நடந்து போய்த் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினான்.

"குடிச்சிட்டு மிச்சத்தையும் சொல்லும்மா," என்றான். வாசலுக்குத் திரும்பாமல் முன்வரிசையில் உட்கார்ந்தான்.