ஆஜர் சாயபு

வெற்றிலையைத் துப்பிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் தஸ்தகீர் சாயபு கோர்ட் வாசலுக்கு வருவார். “எல்லப்பன் ஆ...ஜரா...?” என்று அவர் இழுத்தால் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவன் கை நின்றுபோகும். முதல் கூப்பாடு தமிழில், அடுத்தது கன்னடத்தில், மூன்றாவது தெலுங்கில். ஆஜர் மட்டும் மூன்றிலும் மாறாது. அதற்குள் ஆள் வராவிட்டால் வழக்கு போச்சு. ஐம்பதுகளின் ஓசூரை நினைத்தாலே எனக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது.

அந்த வார்த்தைமேல் அவருக்கு அப்படியொரு வாஞ்சை. ஓய்ந்த வேளையில் வக்கீல் குமாஸ்தாக்களைப் பிடித்துவைத்து அளப்பார்: “அரபியிலே ‘ஹளர’ன்னு ஒரு வேர், சாமி. எதிர்லே வந்து நிக்கறதுன்னு அர்த்தம். நம்ம வாயிலே ஆஜர் ஆயிருச்சு. ஐயாவைக் கூப்பிடறமே ஹுஜூர், அதுவும் அதான். பள்ளிவாசல்லே ஓதிக்குடுக்கிற ஹஜ்ரத்தும் அதான். கூலியாளுங்களுக்கு எடுக்கிற ஹாஜரிகூட. எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்க. ஹுஜூர் மேலே உக்காந்துட்டாரு, ஆஜர் கீழே நிக்குது, அவ்வளவுதான்!”

“கதை விடாதேயும் சாயபு!” என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். கெலமங்கலத்தில் அவர் அப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. அதன்மேல் நடந்த வழக்கில், மூன்றாவது கூப்பாட்டின்போது அப்பா கோர்ட் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. தோப்பு போயிற்று. “அந்தப் பழ வாசனை இன்னும் மூக்கைவிட்டுப் போகலே சாமி” என்பார். அதனாலேயே அவருடைய மூன்றாவது கூப்பாடு அத்தனை நீளம்.

ஒரு வியாழக்கிழமை. நாட்றாம்பாளையம் வெங்கடம்மாளின் வழக்கு. புருஷன் விட்டுப்போன ராகிக் காட்டைக் கொழுந்தன் தனதென்கிறான். அவள் வந்து நிற்காவிட்டால் காடு அவனுக்கு. அவள் வரவேண்டிய தேன்கனிக்கோட்டை பஸ்ஸையோ வழியில் யானை மறித்துவிட்டதாம். சாயபு இரண்டு கூப்பாடு போட்டார். மூன்றாவதை மூச்சு முட்டும்வரை இழுத்தார்.

“போதுமய்யா, உள்ளே வா” என்றார் புது முன்சீப், பேனா மூடியைத் திருகிக்கொண்டே.

அப்போதுதான் பஸ் புழுதியோடு வந்து நின்றது. குதித்து இறங்கிய வெங்கடம்மாள், கோர்ட் எதுவென்று தெரியாமல் தாலுகா ஆபீஸ் பக்கம் ஓடினாள்.

சாயபு தோளில் கிடந்த சிவப்பு டவாலிப் பட்டையைக் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டினார். படியிறங்கி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, சட்டத்தில் இல்லாத நாலாவது கூப்பாட்டைப் போட்டார்:

“யக்கோவ்! வெங்கடம்மக்கா! இந்தப் பக்கம் ஓடியா!”