கூடலூரில் நின்றால் குமுளி

என் கைபேசி முதன்முதலில் என்னிடம் சொன்ன பொய், "உங்கள் அருகில் இடம் எதுவும் இல்லை" என்பது. அப்போது நான் ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே கருகருவென்று கொத்துக் கொத்தாகப் பழம். எதிரே பம்புசெட் அறை. வரப்பில் நாலு பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனையும் இடம் இல்லையென்றால் வேறு எதுதான் இடம் என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அது 2010. போகிற இடத்தில் எல்லாம் "இங்கே இருக்கிறேன்" என்று ஒரு பொத்தானை அமுக்கும் விளையாட்டு அப்போதுதான் கைபேசிகளில் வந்திருந்தது. அதைச் செக்-இன் என்பார்கள். என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் காபிக் கடை, சினிமா தியேட்டர் என்று அமுக்கித் தள்ளினார்கள். ஓர் இடத்துக்கு அதிக நாள் போனவர் யாரோ அவர் படத்துக்குத் தலையில் ஒரு கிரீடம் வரும். எங்கள் பள்ளத்தாக்கில் அமுக்க ஓர் இடம்கூட இல்லை. ஆனால் இல்லாத இடத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கே "ஓடைப்பட்டி திராட்சைப் பந்தல்" என்று சேர்த்தேன். மறுவாரம் கிரீடம் எனக்கு. அம்மாவிடம் காட்டினேன்.

"போன எடத்துல போனேன்னு சொல்லிக்கிறதுக்கு எதுக்கு ஆத்தா கிரீடம்?" என்றாள் அம்மா.

சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. குழாய் போட்ட தோட்டங்களுக்குப் போய் அடைப்பு எடுப்பது, தண்ணீரை வடிகட்டும் பில்டரைக் கழுவிக் காட்டுவது, சந்தேகம் தீர்ப்பது. முதலில் என்னை மதுரை ஆபீசில் பில் போடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பெண்பிள்ளை தோட்டம் தோட்டமாக அலைய முடியாதாம். நான் மூன்று மாதம் விடாமல் நச்சரித்துக் கம்பம் பள்ளத்தாக்கை வாங்கினேன். வீடும் அனுமந்தன்பட்டியில்தான். ஸ்கூட்டரை எடுத்தால் ஒரு பக்கம் ஓடைப்பட்டி, மறுபக்கம் கம்பம், கூடலூர். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கூடலூரிலும் ஒரு தோட்டத்தைச் சேர்த்தேன். பேரை நான் எழுதினேன், ஊரை அதுவாகவே எழுதிக்கொண்டது: "குமுளி, கேரளா." மலைக்கு மேலே இருக்கிற கேரள டவரை என் கைபேசி பிடித்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. கூடலூரிலும் லோயர் கேம்ப்பிலும் ஆட்கள் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே குறுஞ்செய்தியில் கேரளாவுக்கு வரவேற்கப்படுவார்கள். அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை. போகட்டும் என்று சிரித்துவிட்டு அதையே வாரம் மூன்று நாள் அமுக்கினேன். அங்கே புதுக் குழாய் போட்டிருந்தார்கள், வேலை நிறைய இருந்தது.

ஆனி மாதம் ஓடைப்பட்டிக் கிரீடம் பறிபோனது. பறித்தவர் எங்கள் கம்பெனிக்காரர்தான். பெரியகுளம் பக்கத்துத் தோட்டங்களைப் பார்ப்பவர், என்னைவிட நாலு வருடம் மூத்தவர். அவர் எதற்கு ஓடைப்பட்டிக்கு வருகிறார்? தோட்டக்காரம்மாவிடம் கேட்டேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"உங்க கம்பெனில இருந்தா? உன்னத் தவிர ஒரு ஈ காக்கா இங்கன வரல ஆத்தா."

ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் கிடந்தபடி கைபேசியைப் பார்த்தேன். பெரியகுளத்துக்காரர் மறுபடியும் ஓடைப்பட்டியில் இருந்தார். எரிச்சலில் இடத்தின் பேரைத் தேடி அமுக்கிப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. அனுமந்தன்பட்டியில் படுத்திருக்கிற நான் ஓடைப்பட்டியில் இருந்தேன். கிரீடம் திரும்பி வந்தது. அவர் எப்படிச் செய்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் போய்ச் சொல்ல வழியில்லாமல் நானும் அதையே செய்து வைத்திருந்தேன்.

விளையாட்டாக இருந்த வரைக்கும் குற்றமில்லை. மதுரை மேலாளர் புதுக் கைபேசி வாங்கினார். பெரியகுளத்துக்காரர் இந்தச் செக்-இன்னை அவருக்கு அறிமுகப்படுத்த, யார் எங்கே போகிறோம் என்று அவர் அதிலேயே பார்க்க ஆரம்பித்தார். கம்பெனி செலவைக் குறைக்க, இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுப்பதென்று முடிவாகியிருந்த சமயம் அது. மற்றவர் மதுரையில் பில் போடும் அந்த நாற்காலிக்குப் போகவேண்டும். மேலாளர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, வாரத்துல மூணு நாள் உங்களக் குமுளின்னு காட்டுது. அங்க நமக்கு ஒரு தோட்டம்கூடக் கிடையாது. ஏலக்காய் வாங்கப் போறீங்களா?"

டவர் கதையைச் சொன்னேன்.

"போன் எதுக்கும்மா பொய் சொல்லணும்?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆடிக் காத்துலகூட ஓடைப்பட்டிக்குப் போயிருக்கீங்க. அது நல்ல விஷயம். எல்லா நாளும் அப்படி இருக்கலாம்ல?" என்றார்.

போன நாளுக்கெல்லாம் திட்டு. போகாத ஒரே நாளுக்குப் பாராட்டு. போனை வைப்பதற்குள் கேட்டுவிட்டேன். "ஒரு நாள் நீங்களே வாங்க சார். அவரையும் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அவர் வர ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க வீட்டில் நான் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை.

"வாறவுக வரட்டும்," என்றாள் அம்மா. "நீ என்ன திருடுனியா, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

ஒரு நாளைத் திருடியிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அவர்கள் மதுரையிலிருந்து காரில் வந்தார்கள். நான் முன்னாலேயே ஓடைப்பட்டிக்குப் போய் வரப்பில் நின்றேன். பழம் நிற்கிற பந்தலுக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் செருப்போடு போவதில்லை. அது சாமி இருக்கிற இடம் மாதிரி. வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே குனிவார்கள். நான் கழற்றினேன். என்னைப் பார்த்து மேலாளரும் ஷூவை அவிழ்க்கக் குனிந்தார். பெரியகுளத்துக்காரர் கைபேசியில் பேசிக்கொண்டே ஷூவோடு உள்ளே நடந்தார்.

"யாருப்பா அது செருப்போட போறது? பழம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று அத்தை பந்தலின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்.

பெரியகுளத்துக்காரர் திடுக்கிட்டு வெளியே வந்தார். மேலாளர் கையில் ஒரு ஷூவோடு நிமிர்ந்தார். "இவரு இங்க அடிக்கடி வருவாராமே?"

"இவுகளா? இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"இந்தப் பொண்ணு?"

"வாரம் தப்பாது. அவ வரலைன்னா எனக்குப் பில்டரத் தொடவே பயம்."

மேலாளர் தன் கைபேசியை விரலால் நகர்த்தி ஒரு தேதியைச் சொன்னார். "ஆடி மாசம். அன்னைக்கு வந்தாங்களா?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு, "வந்தாளே," என்றார். "காத்துல பந்தக் கம்பி சாஞ்சு கெடந்துச்சு. இவதான் கூட நின்னு குழாயத் தூக்கிக் கட்டுனா."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எனக்காக அந்த நிமிடத்தில் ஒரு கம்பியைச் சாய்த்து, என்னை வரவழைத்து, கட்டவும் வைத்துவிட்டார். மேலாளர் தலையாட்டினார். பெரியகுளத்துக்காரர் தன் ஷூவைப் பார்த்தபடி நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், பள்ளத்தாக்கு என்னுடையது. ஆனால் அவரைப் பார்த்தபோது, நானும் வரப்பைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"இல்ல சார். அன்னைக்கு நான் வரல," என்றேன். "காய்ச்சல்ல வீட்டுல கெடந்தேன். படுத்துக்கிட்டே அமுக்குனேன். பில்டர் கழுவுன நாள அத்தை எழுதி வைக்கிற பம்புசெட் செவுத்துல அந்தத் தேதி இருக்காது, பாத்துக்கங்க."

அத்தை என்னைக் கண்ணாலேயே சுட்டார்.

"அப்ப உங்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மேலாளர்.

"நான் ஒரு நாள், அவரு எல்லா நாளும். ஆனா பொய்யின்னா பொய்தான் சார். நீங்க கூடலூரையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. குமுளின்னு காட்டுறது எல்லாம் நெசம்."

காலைப் பின்னால் வைக்கவில்லை.

கூடலூர் போகிற வழியில், ஸ்கூட்டரில் அவர்கள் காருக்குப் பின்னால் போய்க்கொண்டே ஒன்றை முடிவு செய்தேன். அந்த நாற்காலிக்குப் போகச் சொன்னால் வேலையை விடுவேன். விட்டுவிட்டு, பில்டர் கழுவத் தெரிந்தவள் என்று ஊர் ஊராகச் சொல்லி நானே தனியாகச் செய்வேன். அப்படி நினைத்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

கூடலூர்த் தோட்டத்தில் கார் நின்றதும் மேலாளரின் சட்டைப்பையில் கைபேசி முனகியது. எடுத்துப் படித்தார். கேரளா அவரை அன்புடன் வரவேற்றிருந்தது. அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அது தூரத்தில் நீலமாகக் கிடந்தது. குமுளிக்கு இன்னும் மலைப்பாதை ஏறவேண்டும்.

"நான் இப்ப எங்கம்மா நிக்கிறேன்?"

"கூடலூர்ல சார்."

தோட்டக்காரர் சிரித்தார். "இங்கன எல்லாருக்கும் அப்பிடித்தான் சார். போன அணைச்சுப் போட்டா, கூப்புடுறவுகளுக்கு மலையாளத்துல பதில் சொல்லுது. சொந்தக்காரவுக எல்லாம் நான் கேரளாவுக்குக் குடிபோயிட்டேன்னு நெனச்சுட்டாக."

மேலாளர் சிரிக்கவில்லை. "போன் குமுளின்னா அது கூடலூர்தான்னு நம்புறேன். நீங்க வந்தீங்கங்கிறதுக்கு என்ன சாட்சி?"

அவரைப் பம்புசெட் அறைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் தோட்டங்களில் பில்டர் கழுவிய நாளைத் தோட்டக்காரரே கரித்துண்டால் சுவரில் எழுதிவிடுவார். அடுத்து எப்போது கழுவவேண்டும் என்று தெரியவேண்டுமே, அதற்காக. மோட்டாருக்கு மேலே சுண்ணாம்புச் சுவரில் கோணல் மாணலாக வரிசையாகத் தேதிகள். மேலாளர் கைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகை விரலைச் சுவரில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குமுளி, குமுளி, குமுளி என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசித் தேதிக்கு வந்ததும் விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, போகாத இடத்துக்குப் போனதாகப் பதிவு செய்ததற்கு எச்சரிக்கை. இன்னொன்று, பெரியகுளமும் பள்ளத்தாக்கும் சேர்த்து என் பொறுப்பு. அந்த நாற்காலிக்குப் பெரியகுளத்துக்காரர் போனார். இரண்டு கடிதங்களையும் அம்மா ஒன்றாக மடித்து பீரோவில் வைத்தாள். ஓடைப்பட்டிக் கிரீடம் அதற்குள் மறுபடியும் அவர் தலைக்கே போயிருந்தது. அதைத் திரும்ப வாங்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஓடைப்பட்டிக்குப் போனேன். அத்தை பம்புசெட் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்காக ஒரு பொய் சொன்னேன்," என்றார். "வேத்தாளு முன்னால என்னப் பொய்க்காரி ஆக்கிட்டியே."

"என் வேலைக்காக நீங்க ஏன் அத்தை பொய்க்காரி ஆகணும்? அதான் சொன்னேன். மன்னிச்சுக்கங்க."

அவர் வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். கோபம் போனதா இல்லையா என்று தெரியவில்லை. நான் வரப்புக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பந்தலுக்குள் குனிந்தேன்.

"நெசமாவே வந்திருக்கியா ஆத்தா," என்றார் பின்னாலிருந்து, "இல்ல வீட்டுல படுத்துக்கிட்டே வந்திருக்கியா?"

"வந்துட்டேன் அத்தை," என்றேன்.

பில்டரைக் கழுவி மூடி வைத்தேன். அத்தை எழுந்து வந்து, கரித்துண்டைத் தேடி எடுத்து, சுவரில் அன்றைய தேதியை எழுதினார்.