டிரெய்லருக்குப் பின்னால் ராமுத்தாய்

போன தை மாதம் வரைக்கும் என் அக்கா ராமுத்தாய்க்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், மெஷினுக்குப் பின்னால் போகிற வேலை என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அக்காவின் புருஷன் ஆண்டிச்சாமி மாமா மர அறுவை மெஷின் வைத்திருக்கிறார். ஊர் ஊராக டிராக்டரில் இழுத்துப் போகிற மெஷின். நீளமான இரும்புச் சட்டம், அதன் மேல் ரம்பமும் டீசல் எஞ்சினும், அடியில் இரண்டு டயர். காற்றில் சாய்ந்த தென்னையோ, வீடு கட்டுகிறவர் வெட்டிப் போட்ட வேம்போ, மரம் கிடக்கிற தோட்டத்துக்கே போய் அறுத்துக் கொடுத்துவிடுவார். மரத்தை லாரியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோகிற தொல்லை தோட்டக்காரருக்கு இல்லை. அந்தத் தொல்லை அக்கா தலையில் விடிந்தது.

டிராக்டரின் பின் விளக்கை மெஷின் மறைத்துவிடும். மெஷினுக்கென்று விளக்கு கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. பின்னால் வருகிற பஸ்காரனுக்கு முன்னால் இப்படி ஒன்று ஊர்ந்து போவது தெரிய வேண்டுமே, அதற்குத்தான் அக்கா. தோளில் சிவப்புத் துண்டு, கீழே பழைய மொபெட். செம்பட்டியிலிருந்து மெஷின் எங்கே போனாலும் அதன் பின்னாலேயே போவாள். வேலை முடிந்தால் அதே மாதிரி வீடு திரும்பி உலை வைப்பாள்.

மாமாவைக் கவனமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ரம்பத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றுவார். டிராக்டரோடு சேர்க்கிற கொண்டியில் பின்னைப் போட்டு, அது கழன்றாலும் மெஷின் ஓடிப்போகாதபடி சங்கிலியும் கட்டுவார். டயரில் காற்று பார்க்காமல் கிளம்ப மாட்டார். முன்பக்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும். பின்பக்கத்துக்குத்தான் பெண்டாட்டி இருக்கிறாளே.

ஒரு தடவை வேகத்தடையில் மெஷின் சட்டென்று நின்றது. அக்கா ஒதுங்கப் பார்த்தபோது, பின்னால் வந்த லாரியின் கண்ணாடி அவள் தோளில் இடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து வலது கையால் அவளுக்குக் குடம் தூக்க முடியாது. தூங்கும்போது கூடப் பின்னால் ஹாரன் கேட்கிற மாதிரியே இருக்கிறது என்பாள்.

அதற்கப்புறம்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் மறித்தார். நல்ல மனுஷன், சத்தம் போடவில்லை.

"டிராக்டருக்கு ஆர்.சி. இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. டிரெய்லருக்கு எங்க?"

"அது டிராக்டரோட சேந்ததுதான சார்."

"இல்லங்க, அது தனி வண்டி. தனியாப் பதியணும், தனி நம்பர், தனி இன்சூரன்ஸ். லைட்டு, ரிஃப்ளெக்டர் எல்லாம் வேணும். விவசாயத்துக்குன்னு பதிஞ்ச டிராக்டர வச்சு இப்படி வாடகைத் தொழில் பாக்கவும் கூடாது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" பிறகு மொபெட்டைப் பார்த்தார். "அந்தம்மா யாரு?"

"நம்ம சம்சாரம் சார். பின்னால பாத்துக்கிடுவா."

இன்ஸ்பெக்டர் அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரியே அக்கா ஆரம்பித்தாள். "ஏங்க, மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம். அந்த லைட்ட மட்டுமாச்சும் போட்டுருங்க. எனக்குப் பயமா இருக்கு." மாமா ஆடி போகட்டும் என்றார். ஆடி போன பிறகு தீபாவளி போகட்டும் என்றார். அதுவும் போனதும் தை பிறக்கட்டும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் நானே போய்ச் சண்டை போட்டிருப்பேன். அக்காதான் தடுத்துவிட்டாள். சண்டைக்கெல்லாம் தெம்பில்லடி என்றாள்.

தை பிறந்தது. நெய்க்காரப்பட்டித் தென்னந்தோப்பில் வேலை வந்தது. விடியும் முன்னே கிளம்பினார்கள். நல்ல பனி. ரோட்டோரம் முழுக்கப் பழனிக்கு நடக்கிற பாதயாத்திரைக் கூட்டம். ஓரிடத்தில் சிலர் நின்று, நடப்பவர்களின் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் மெதுவாகப் போன அக்காவையும் ஒருவர் நிறுத்தினார்.

"செத்த நில்லுங்கம்மா. பை இல்லையா? அப்ப துண்டுலயே ஒட்டுறேன். பின்னால வர்றவனுக்கு நீங்க தெரியணும்ல."

ஒட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் முதுகைப் பற்றி ஒருத்தர் நினைத்தது அதுதான் முதல் தடவை. மொபெட்டை முறுக்கி, மெஷினைத் தாண்டி, டிராக்டரையும் தாண்டிப் போய்க் குறுக்கே நிறுத்தினாள்.

மாமா பதறிக் குதித்தார். "என்ன, பின்னு கழண்டுருச்சா?"

"ஒண்ணும் கழறல. நான் இனிமே பின்னால வரமாட்டேன்."

"வெளாடுறியா? நீ வராம இம்புட்டுச் சனத்துக்கு நடுவுல நான் எப்பிடி இழுத்துட்டுப் போக? எவனாச்சும் வந்து மோதிட்டான்னா?"

"மொதல்ல யாரு மேல மோதுவான்?"

மாமா மெஷினின் பின்பக்கம் நடந்துபோய், அக்கா எப்போதும் வருகிற இடத்தில் நின்று பார்த்தார். பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதன் டிரைவர் அவரைப் பார்த்து ஒடித்தான். மாமா மண்ணில் தாவி விழாத குறை. திரும்பி வந்து, மெஷினை ரோட்டை விட்டு இறக்கி ஒரு பூட்டிய கடை வாசலில் நிறுத்தினார். தோப்புக்காரருக்குப் போன் போட்டு, இன்றைக்கு வரவில்லை என்று சொன்னார்.

இப்போது டிராக்டரை வாடகைத் தொழிலுக்கு மாற்றிப் பதிந்தாகிவிட்டது. மெஷினுக்கும் தனி நம்பர் உண்டு, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு எரிகிறது. அக்கா வீட்டில் இருக்கிறாள், மத்தியானத்தில்கூடத் தூங்குகிறாள். ஆனாலும் அன்று காலை மெஷினை ஓரங்கட்டிய பிறகு பக்கத்து டீக்கடையில் நடந்ததைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

மாமா டீ கிளாஸை அக்காவிடம் நீட்டிக்கொண்டே, "இம்புட்டுப் பயத்த மனசுல வச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றிருக்கிறார்.

"சொன்னேனே" என்றாள் அக்கா.

"எப்ப?" என்று கேட்டாராம் மாமா. நடிக்கவில்லையடி, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார் என்கிறாள்.