வரியின் ஓரத்தில் ஒரு சிறு கோடு

போன மாதம் புளியந்தீவில் ஒரு சாவுமணி அடிக்க இருந்தது. அடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் ஓர் இத்தாலியச் சாமியார் இருக்கிறார். முப்பது வயது. நான் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பதிலுக்கு அவர் எனக்கு இத்தாலியம். இந்த வயதில் எனக்கு அது எதற்கு? சும்மாதான்... பள்ளிக்கூடம் விட்டபின் பொழுது போக வேண்டாமா?

கடைசியாக நடந்த பாடம், வினைச்சொல்லை அசை பிரிப்பது. வரி முடிந்தும் சொல் முடியாவிட்டால், அசை பார்த்து உடைத்து, ஒரு சிறு கோடு போட வேண்டுமாம். மெய் இரட்டித்தால் நம் ‘அம்-மா’ போல நடுவே பிரியும். நான் கண்ட இடத்தில் உடைத்து, நன்றாகத் திட்டு வாங்கினேன்.

அடுத்த பாடத்துக்குப் போனால், மணியடிக்கும் சூசை வாசலில் நிற்கிறார்.

“வாத்தியார், சாமிட அம்மா மோசம் போயிட்டாவாம். கடிதம் வந்திருக்கு. சாவுமணி அடிக்கப் போறன்.”

உள்ளே சாமியார் அசையாமல் இருந்தார். கையில் தங்கை எழுதிய ஒற்றைத் தாள். மறுதாளை உறைக்குள் வைக்க மறந்திருக்கிறாள். கடைசி வரியில் விரல் வைத்துக் காட்டினார். ‘மம்மா மொரி...’ ‘மொரீ’ என்றால் ‘இறந்தாள்’.

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை எடுத்தார் — விரலுக்கடியில், சொல்லின் ஓரத்தில் ஒரு சிறு கோடு!

“சாமி, ‘மொரீ’ அதோட முடியிற சொல்தானே? பிறகு என்னத்துக்குக் கோடு?”

தாளை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஓம்... சொல் முடியவில்லை.”

“சூசை, கயித்த விடுங்க!” என்று கத்தினேன்.

சரி, மீதி என்ன? ‘மொரிரா’ என்றால் ‘இறப்பாள்’. ‘மொரிவா’ என்றால் ‘இறந்துகொண்டிருந்தாள்’. இரண்டும் நல்ல சேதியில்லை. தந்தி கொடுக்கலாம் என்றேன். பதில் வந்துவிடுமே என்று பயந்தார். பூசையில் இறந்தவர்களுக்காக அல்லாமல், நோயாளிகளுக்காகவே மன்றாடினார். பாடம் நின்றது, மாலையில் வாவிக்கரையில் நடந்தோம்.

பதினொரு நாள் கழித்து மறுதாள் வந்தது. மேசையிலேயே கிடந்ததாம். முதலில் இருந்தது ‘ரெப்பே’. சேர்த்துப் படித்தார்: மொரிரெப்பே.

“அம்மா செத்தே போவாள் சந்தோஷத்தில், நீ ஒருதரம் வந்து முகம் காட்டினால்.”

சாமியார் சிரித்தார். பிறகு மேசையில் தலை கவிழ்த்து அழுதார்.

மேற்றிராணியாருக்கு லீவு கேட்டு எழுதினார், கிடைத்தது. நேற்று ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு ஒரே பயம்தான் — தங்கை எழுதியது அப்படியே பலித்துவிடக் கூடாதே!