பஞ்சம் சாரின் சின்ன அறை

எங்கள் தெருவில் அத்தானுக்குப் பெயர் பஞ்சம். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மரியாதைக்கு ஒரு சார் சேர்த்து, பஞ்சம் சார் என்பார்கள். அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "சிரிக்கட்டும், பஞ்சம் வரும்போது தெரியும்" என்பார். வரும் வரும் என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனதுதான் மிச்சம்.

நான் அவருக்குக் கொழுந்தியாள். அக்காவும் அத்தானும் மாடியில், நான் கீழே. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையும் மாலையும் ஒரு வண்டிப் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவளுக்குக் குரல் எப்படி இருக்கும்? இதில் எங்காவது நான் கத்துகிற மாதிரி இருந்தால் அது தொழில் கோளாறு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு இறக்கி அடுக்குகிற பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கடையைப் பார்க்கிற யாருக்கும், பின்னால் இன்னொரு கடை அளவுக்குச் சரக்கு இருக்கும் என்றுதான் தோன்றும். ஒரு மண்ணும் கிடையாது. காலையில் லாரி வரும், வந்தது அப்படியே அலமாரித் தட்டுகளுக்குப் போகும், சாயங்காலம் பின்பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். மறுநாள் மறுபடி லாரி. இது அவருக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்தது உறைக்க ஒரு லாரி வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானமே தட்டுகள் காலி. கடைசி அரிசிப் பையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, பை கிழிந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது. அதில் ஒருத்தி, பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று விசாரிக்கிற பெண். அவள் தரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கால் படாமல் அரிசியைக் கைப்பைக்குள் வழித்துப் போட்டாள். அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "பணம் எல்லார் கையிலயும் இருந்துச்சு. அதை வச்சு என்ன பண்ணாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். நான் பைத்தியம் என்றுதான் சொல்வேன், அவர் ஏற்பாடு என்பார்.

அவர்கள் வீட்டில் ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. சின்ன அறை மகளுடையது. அவள் இப்போது கல்யாணமாகிப் போனவள், இருந்தாலும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான். முதலில் அவள் கட்டிலுக்கு அடியில் அரிசியும் பருப்பும் போயின. அப்புறம் சுவரோரம் உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பாப்பா கல்லூரிக்குப் போகும்போது அவள் புத்தகமெல்லாம் சோப்பு மணக்கும், "உங்க வீட்ல புத்தகத்தையும் துவைப்பீங்களா?" என்று தோழிகள் கேலி செய்வார்களாம். அவள் கல்யாணமாகிப் போன மறு வாரமே கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு அறை முழுக்க ட்ரம் அடுக்கிவிட்டார். பூச்சி, ஈரம் உள்ளே போகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, கதவுக்கு ஒரு பூட்டும் போட்டார்.

கடை வழக்கம் ஒன்று உண்டு. பழைய சரக்கு முன்னால் வரும், புதுச் சரக்கு பின்னால் போகும். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாதம் பிறந்து அரிசி வாங்கினால் அது நேராகச் சின்ன அறைக்குள் போய்விடும். அங்கே மாதக்கணக்கில் கிடந்தது சமையலறைக்கு வரும். அக்கா ஒரு நாளாவது அன்று வாங்கிய அரிசியில் உலை வைத்ததில்லை.

மொட்டை மாடியில் தோட்டம். பழைய பெயிண்ட் டப்பா, உடைந்த தண்ணீர்த் தொட்டி, லாரி டயர் எல்லாவற்றிலும் மண். தக்காளி, கத்திரி, வெண்டை, கீரை. எல்லாவற்றுக்கும் ராஜா மாதிரி மஞ்சள் பூசணி. பூசணிமேல் அவருக்கு ஒரு தனிப் பாசம். கரண்ட் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், ஒரு மூலையில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும் என்பார். விதையும் கடையில் வாங்க மாட்டார். "பஞ்சம் வந்தா முதல்ல வராம நிக்கப்போறதே அந்த விதை பாக்கெட்டுதான்." சாப்பிட்ட காயிலிருந்து விதை எடுத்துக் கழுவி, பழைய செய்தித்தாளில் காயவைத்து, மருந்து பாட்டில்களில் போட்டு வைப்பார்.

பண்டமாற்று வேறு. சலூன்காரருக்குப் பூசணி போகும், இவருக்கு முடிவெட்டு. தையல்காரருக்குத் தக்காளி, சைக்கிள் கடைக்காரருக்குக் கீரை. இதிலும் ஒரு சட்டம் போட்டிருந்தார். வெளியே கொடுப்பது இருப்பதிலேயே நல்லதாக இருக்க வேண்டும். "நாளைக்குப் பணம் செல்லாம போனா இவங்கதான் நமக்கு. சொத்தையைக் குடுத்து வச்சிருந்தா அன்னைக்கு நம்ம மூஞ்சியப் பாப்பாங்களா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரிய காயெல்லாம் படியிறங்கிப் போகும். கோணல், வெம்பல், குருவி கொத்தியது எல்லாம் அக்காவிடம் வரும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் குட்டித் திருகாணி முடுக்குகிறவள், பொறுமை அப்படி. அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை, அவள் சமையல் எடுபடாது என்பதுதான். சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டால் இரண்டாம் தடவை சோறு கேட்க மாட்டார்கள். "எல்லாம் இருக்கு, கைப்பக்குவம்தான் போதல" என்று அத்தானின் அண்ணி என் காதுபடவே சொன்னாள். என் அக்காவை நான் ஆயிரம் சொல்லலாம், அவள் யார் சொல்ல? என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். அக்காவோ சண்டைக்கு நிற்காமல் உப்பை மாற்றிப் பார்த்தாள், பாத்திரத்தை மாற்றினாள், அரிசியை இன்னும் ஒரு தடவை கூடக் கழுவினாள். பிறகு விருந்தாளிகளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

இதற்கிடையே பூசணி சிறுத்துக்கொண்டே வந்தது. முதல் வருடம் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிய காய், வர வர ஒரு கைக்குள் அடங்கியது. அத்தான் மண்ணைக் குறை சொன்னார். வெயிலைச் சொன்னார். எதிர்வீட்டு மாடியில் செல்போன் கோபுரம் வந்ததுதான் காரணம் என்று கொஞ்ச நாள் அதை முறைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாப்பா போன் செய்தாள். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒருவர் சம்பளத்தில் வாடகை கட்ட முடியவில்லை, வீட்டைக் காலி செய்கிறார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை சின்ன அறையில் இருந்துகொள்ளலாமா என்று கேட்டாள். கேட்கவே அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்.

அத்தான் உடனே, "தாராளமா வாங்கம்மா. ஹால்ல படுத்துக்கலாம்" என்றார்.

"பரவாயில்லப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று போனை வைத்துவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது மறுநாள் அக்காவுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு நண்பனின் அறைக்கு, பாப்பா பெண்கள் விடுதிக்கு. கல்யாணமாகி முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் ஆளுக்கொரு திசை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம். வேனைக்கூடச் சரியாக நிறுத்தாமல் மாடிக்கு ஏறினேன்.

"அத்தான், அந்த ரூம்ல எதுக்கு இவ்வளவும் சேத்து வச்சிருக்கீங்க?"

"பெரிய அடி ஒண்ணு விழும்போது குடும்பம் நிக்கணும்னு."

"விழுந்தாச்சு. உங்க வீட்டு மேலதான் விழுந்திருக்கு."

"இது ஒரு ஆளுக்கு வேலை போனது. நான் சொல்றது ஊருக்கே போறது. இப்ப காலி பண்ணிட்டு அன்னைக்கு என்ன செய்ய? பாப்பாவுக்கும் சேத்துதானே இது?"

"பாப்பாவுக்கான ரூம்ல பாப்பாவுக்கே இடமில்ல. நல்லா இருக்கு உங்க கணக்கு."

அக்கா என்னைப் பார்த்து "விடுடி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சலூன்காரர் வந்தார். ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு பூசணி. அதைத் தூக்கி மாடியேறுவதற்குள் மனுஷனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. சமையலறை மேடையில் வைத்தால் பாதி மேடை அதற்கே போனது.

"எத்தன நாள் நீங்களே குடுக்கறது சார்? இந்தத் தடவை நம்ம வீட்டுக் காய்" என்றார்.

அத்தான் அதைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "எந்தக் கடை விதை?"

"கடையா? உங்க விதைதான் சார். மொத மொத ஒண்ணு குடுத்தீங்களே, அதுல வீட்டம்மா எடுத்து வச்சாங்க. வருஷா வருஷம் இருக்கறதுலயே பெரிய காயா பாத்து விதைக்கு ஒதுக்கிடுவாங்க. எங்க பக்கம் பாதிப் பேர் வீட்ல இப்ப இதுதான் காய்க்குது."

அத்தானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அக்கா கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"நாம எதுல விதை எடுத்தோம்?" என்று அவரைக் கேட்டாள்.

"நாம சாப்பிட்டதுலதான்."

"நாம எதைச் சாப்பிட்டோம்?"

அவர் பூசணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சலூன்காரர் தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நல்ல காய் வெளியில போகுது. புது அரிசி அந்த ரூமுக்குப் போகுது. சொத்தை, பழசு எல்லாம் எனக்கு. நான் ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருப்பேனா? எனக்கு எது குடுத்தாலும் பரவாயில்லங்க. பாப்பாவுக்கு ஹாலைக் குடுத்தீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல." சொல்லிவிட்டுப் பூசணியை வெட்ட ஆரம்பித்தாள். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன்.

அத்தான் எழுந்து போனார். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ட்ரம் உருளும் சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கழற்றி வைத்திருந்த கட்டில் கால்களுக்கு நடுவே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"கட்டிலோட போல்ட்டை எங்க வச்சேன்னு தெரியல" என்றார்.

உப்பையும் சோப்பையும் தேடி வைக்கத் தெரிந்தவருக்கு அது மட்டும் தெரியவில்லை. நானும் தேடினேன். தீப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு, "வேன் சும்மாதானே நிக்குது?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் ஏது அத்தான்?"

அன்று மத்தியானத்துக்குள் அறை காலி. தையல்காரரும் சைக்கிள் கடைக்காரரும் வந்து ஆளுக்குச் சில ட்ரம்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று எடுத்துப் போனார்கள். பதிலுக்கு என்ன வேண்டும் என்று அத்தான் கேட்டதற்கு, "போங்க பஞ்சம் சார்" என்று சிரித்தார்கள். சோப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. என் பீரோவைத் திறந்தால் இன்றைக்கும் லாண்டரிக் கடை மாதிரி மணக்கிறது. சாயங்காலம் நானும் அவரும் போய்ப் பாப்பாவையும் மாப்பிள்ளையையும் சாமான்களோடு ஏற்றிவந்தோம். வழியெல்லாம் அத்தான் மாப்பிள்ளையிடம் லாரி, சாலை, வெயில் என்று சம்பந்தமில்லாமல் எதையோ பேசிக்கொண்டே வந்தார். ரூம் என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் மாடியில் உட்கார்ந்தோம். அந்த மாதத்து அரிசி அன்று மத்தியானத்துக்கு மேல்தான் வந்திருந்தது. உள்ளே வைக்க அறையில்லாததால் பை சமையலறையிலேயே நின்றது. அத்தானே பிரித்துக் கொடுத்திருந்தார். அதில் சோறு, சலூன்காரர் வீட்டுப் பூசணியில் ஒரு பொரியல், பருப்பு. வேறொன்றும் இல்லை.

பாப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இன்னைக்கு என்ன போட்டு சமைச்ச? ரொம்ப நல்லா இருக்கு."

"ஒண்ணும் போடலயே. எப்பவும் போலதான்."

"இல்ல, எப்பவும் சோத்துல ஒரு வாசனை இருக்கும்." பாப்பா கொஞ்சம் தயங்கினாள். "என் காலேஜ் புத்தகத்துல அடிக்குமே, அந்த வாசனை. இன்னைக்கு அது இல்ல."

அந்த மூடிய அறையில் அரிசியும் சோப்பும் வருடக்கணக்கில் ஒன்றாகக் கிடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினம் அதையே சாப்பிட்ட இரண்டு பேருக்கும் மூக்கு பழகிவிட்டது. எப்போதாவது வந்து சாப்பிட்டவர்கள் அக்காவின் கையைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அத்தான் பிசைந்த சோற்றோடு கையைத் தட்டிலேயே வைத்திருந்தார். "உனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரலயா?" என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு சந்தேகம்?" என்றாள் அக்கா. "என் கைதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மாப்பிள்ளை தட்டை நீட்டி, "அத்தை, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார்.

அக்கா எழுந்திருக்கப் போனாள். அத்தான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, இடது கையால் கரண்டியை எடுத்து முதலில் அவள் தட்டில் போட்டார்.