மாடி ஹாலுக்கு அக்கா வந்த மதியம்

என் நண்பன் அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். லீவு நாட்களில் கேமராவோடு தெருவில் இறங்கி, அங்குள்ள கறுப்பின ஆண்களைப் படம் எடுத்திருக்கிறான். எல்லாரும் ஆண்களை நேசிக்கும் ஆண்கள். ஊர் திரும்பியதும், அந்தப் படங்களைக் கோவில்பட்டியில்தான் முதலில் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"சென்னையில வையேம்ப்பா" என்றேன்.

"அங்க இதப் பாக்க எடம் இருக்கு. இங்கதான் இல்ல."

எனக்குப் பயம். நானும் அப்படிப்பட்டவன் என்று ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். தெரிந்தால் அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேனரில் 'புகைப்படக் கண்காட்சி' என்று மட்டும் போடலாம் என்றேன். அவன் 'கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களின் தெரு முகங்கள்' என்று பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி ஹால். யாராவது சண்டைக்கு வருவார்களோ என்று காலையிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கொஞ்சம் காலேஜ் பிள்ளைகளும், வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு லாரி டிரைவரும்தான். டிரைவர் ஒரு படத்தின் முன் நின்று, "இவரப் பாத்தா நம்ம கயத்தாத்து ஆளு மாதிரில்லா இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் படியேறி வந்தது என் அக்கா.

"கீழ ஒன் பைக்கு நின்னுச்சு. இங்கன என்னலே செய்யுத?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு சலூன் வாசல் படத்தின் முன் நின்றாள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் இன்னொருவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுகிறார். மற்றவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கழுத்தைக் காட்டுகிறார்.

"இவிய அண்ணன் தம்பியா?"

"இல்லக்கா. ஒண்ணா குடும்பம் நடத்துதவிய."

"ரொம்ப நாளாவா?"

"ரொம்ப வருசமா."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "நீயும் அப்படித்தானல?"

பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"தெரியும். நான் ஒனக்குப் பொண்ணு பாக்குறத ஏன் நிறுத்துனேன்னு நெனச்ச?"

அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

"அழாதல, ஆள் பாக்காவ. ஒங்க அத்தான்ட்ட மட்டும் இப்பம் சொல்லாத. அவுக ஒரு மாதிரி. நேரம் பாத்து நான் சொல்லிக்கிடுதேன்." கொஞ்சம் பொறுத்து, "ஒனக்குன்னு யாரும் உண்டுமா?" என்றாள்.

"இல்லக்கா."

"இந்த வயசுல ஒத்தையிலயா கெடக்க?" நான் மறைத்ததற்குக்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

கீழே போயிருந்த நண்பன் டீ வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, ஒனக்குத் தெரிஞ்ச நல்ல பையன் யாரும் இருந்தா இவனுக்குச் சொல்லேன்."

அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா ஒரு டீயை எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.